டிஃபென்ஸ் இண்டெக்ஸ் ஃபண்டு விமர்சனம்: அட்டையில் ட்ரோன், பெட்டிக்குள் என்ன?

பாதுகாப்புத் துறை ஃபண்டு விளம்பரம் எதை எடுத்தாலும் கூட்டமாகப் பறக்கும் ட்ரோன், லேசர் கதிர், செயற்கைக்கோள் படம்தான். வாங்கிய பிறகு ஃபேக்ட் ஷீட்டைப் பிரித்தால் விமானத் தொழிற்சாலை, கப்பல் கட்டும் தளம், சுரங்க வெடிமருந்து என்று வரிசையாக வரும். இந்த இடைவெளி எவ்வளவு என்று தெரிந்துகொண்டு பணம் போடுகிறவருக்கு வருத்தம் இருக்காது.

இங்கே எடுத்துக்கொள்வது மோதிலால் ஆஸ்வால் நிஃப்டி இந்தியா டிஃபென்ஸ் இண்டெக்ஸ் ஃபண்டு, அதாவது நிஃப்டி இந்தியா டிஃபென்ஸ் என்ற பங்குக் குறியீட்டை அப்படியே நகலெடுக்கும் ஃபண்டு. 2024 ஜூன் 13 முதல் 24 வரை என்.எஃப்.ஓ (புது ஃபண்டின் முதல் விற்பனை) விட்டார்கள். அதே வருடம் ஆதித்ய பிர்லா சன் லைஃப் அதே குறியீட்டில் ஒரு ஃபண்டு கொண்டுவந்தது, குரோவ் இ.டி.எஃப் (சந்தையில் பங்குபோல வாங்கி விற்கும் ஃபண்டு) வந்தது, மோதிலாலும் தனியாக ஒரு இ.டி.எஃப் விட்டது. பெயர்ப்பலகைதான் வேறு, சரக்கு ஒன்றுதான். கீழே சொல்வதில் பெரும்பகுதி எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். அரசு கொடுக்கும் ராணுவ ஆர்டர்களில் ஒரு பங்கு வேண்டும், பங்கு பங்காகப் பொறுக்க நேரமில்லை என்பவருக்கு இது நேர்மையான, மலிவான கூடை. புதிய தொழில்நுட்பத்தில் முதலீடு செய்கிறோம் என்று நினைத்து வாங்குகிறவருக்கு, கொடுத்த நூறு ரூபாயில் சொற்பம்தான் அங்கே போய்ச் சேரும்.

காரணம் குறியீட்டின் விதியிலேயே இருக்கிறது. நிஃப்டி டோட்டல் மார்க்கெட் பட்டியலில் இருக்கும் நிறுவனமாக இருக்க வேண்டும். விண்வெளி மற்றும் பாதுகாப்பு, வெடிமருந்து, கப்பல் கட்டுமானம் ஆகிய வகைகளில் வர வேண்டும். அல்லது இந்தியப் பாதுகாப்பு உற்பத்தியாளர் சங்கத்தில் உறுப்பினராக இருந்து, வருமானத்தில் குறைந்தது 10% ராணுவத்திலிருந்து வர வேண்டும். ஒரு பங்கின் எடை 20%-ஐத் தாண்டாமல் உச்சவரம்பு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலைத் திருத்துவார்கள். எடை போடுவது சந்தையில் புழங்கும் பங்கு மதிப்பை வைத்து. ஆகவே பெரிய கம்பெனிதான் பெரிய இடத்தைப் பிடிக்கும். அது புதிதாக என்ன கண்டுபிடித்தது என்பதற்கு மதிப்பெண் கிடையாது.

நடப்பில் விமானம் செய்யும் ஹெச்.ஏ.எல், ராணுவ மின்னணுச் சாமான் செய்யும் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் இரண்டும் அந்த 20% கூரையை முட்டிக்கொண்டே இருக்கும். அடுத்து வெடிமருந்து செய்யும் சோலார் இண்டஸ்ட்ரீஸ். இந்த மூன்றும் சேர்ந்தால் ஏறக்குறைய பாதி முடிந்துவிடும். மிச்சத்தில் கப்பல் கட்டும் மசகான் டாக், கொச்சின் ஷிப்யார்டு, கார்டன் ரீச், ஏவுகணை செய்யும் பாரத் டைனமிக்ஸ், அதற்கும் கீழே டேட்டா பேட்டர்ன்ஸ், ஜென் டெக்னாலஜீஸ், ஆஸ்ட்ரா மைக்ரோவேவ், எம்.டி.ஏ.ஆர், பாராஸ் டிஃபென்ஸ் போன்றவை. இந்தக் கடைசிக் கூட்டத்தில்தான் விளம்பரத்தில் காட்டிய சாமான்கள் இருக்கின்றன. ஹைதராபாத் ஜென் டெக்னாலஜீஸ் பயிற்சி சிமுலேட்டரும் ட்ரோன் எதிர்ப்புக் கருவியும் செய்கிறது. சிறுசேரி சிப்காட்டில் இருக்கும் டேட்டா பேட்டர்ன்ஸ் ரேடார், மின்னணுப் போர்க் கருவிகளுக்கான எலெக்ட்ரானிக்ஸைத் தானே வடிவமைத்துத் தானே தயாரிக்கிறது.

சோலார் இண்டஸ்ட்ரீஸைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. நாக்பூரைச் சேர்ந்த இந்த நிறுவனம் நாகாஸ்திரா-1 என்ற தற்கொலை ட்ரோனை ராணுவத்துக்குக் கொடுத்தது. ட்ரோன் கூட்டத்தை வீழ்த்தும் பார்கவாஸ்திரா குறு ஏவுகணையை 2025 மே மாதம் கோபால்பூரில் சோதித்தது. இரண்டும் புதுமைதான், மறுக்கவில்லை. ஆனால் கல்லாவில் விழும் பணத்தில் பெரும்பகுதி நிலக்கரிச் சுரங்கம், குவாரி போன்றவற்றுக்குப் போகும் வெடிமருந்திலிருந்து வருகிறது. ராணுவப் பங்கு வேகமாக வளர்கிறது என்பதற்காகச் சந்தை இதற்கு அதிக விலை கொடுக்கிறது. நிலக்கரி உற்பத்தி மந்தமானால் டிஃபென்ஸ் ஃபண்டின் என்.ஏ.வி (ஒரு யூனிட்டின் மதிப்பு) ஏன் இறங்குகிறது என்று அப்போது யாரும் மண்டையைக் குடைந்துகொள்ள வேண்டாம்.

பெட்டிக்குள் இல்லாதவை இன்னும் முக்கியம். கே-9 வஜ்ரா பீரங்கி செய்யும் எல் அண்ட் டி கிடையாது, அதன் பிரமாண்டமான வருமானத்தில் ராணுவம் சிறு துண்டு. வதோதராவில் சி-295 விமானம் கட்டும் டாடா அட்வான்ஸ்டு சிஸ்டம்ஸ் பங்குச்சந்தையிலேயே இல்லை. பிரம்மோஸ் ஏரோஸ்பேஸ் இந்திய-ரஷ்யக் கூட்டு நிறுவனம், அதுவும் பட்டியலில் இல்லை. ஆவடியில் பீரங்கி வண்டி செய்யும் ஏ.வி.என்.எல், 2021 அக்டோபர் 1-இல் ஆர்டனன்ஸ் ஃபேக்டரி போர்டைக் கலைத்து உருவாக்கிய 7 அரசு நிறுவனங்களில் ஒன்று. பங்கு வெளியில் இல்லை. முப்பரிமாண அச்சில் வார்த்த எஞ்சினோடு 2024 மே 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏவிய சென்னையின் அக்னிகுல், குவாண்டம் குறியாக்கம் செய்யும் பெங்களூரு க்யூநு லேப்ஸ் இரண்டும் தனியார் முதலீட்டாளர் கையில். விண்வெளிக் கண்காணிப்புக்கு 52 செயற்கைக்கோள் அனுப்ப 2024 அக்டோபரில் ஒப்புதல் கிடைத்தது, மதிப்பு சுமார் 27,000 கோடி ரூபாய். அதில் 31-ஐத் தனியார் கட்ட வேண்டும். இந்தக் காசு இந்த ஃபண்டுக்குள் வரும் வழி மிகக் குறுகல்.

ஸ்டார்ட்அப்புகளை வளர்க்க அரசு வைத்திருக்கும் ஐடெக்ஸ் திட்டம் 2018 ஏப்ரலில் நம் திருவிடந்தை டெஃப்எக்ஸ்போ ராணுவக் கண்காட்சியில்தான் தொடங்கியது. சாதாரண மானியம் 1.5 கோடி வரை, பிரைம் பிரிவில் 10 கோடி வரை, 2024 மார்ச்சில் வந்த அதிதி திட்டத்தில் 25 கோடி வரை. மானியத்துக்கு ஈடாக நிறுவனமும் தன் பங்கைப் போட வேண்டும். அந்தப் பணம் ஏஞ்சல் முதலீட்டாளரிடமிருந்தும் (தொடக்கத்திலேயே பணம் போடும் தனிநபர்) மாற்று முதலீட்டு நிதிகளிலிருந்தும் வருகிறது. மாற்று நிதியில் நுழைய ஒருவர் குறைந்தது 1 கோடி வைக்க வேண்டும் என்பது பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டாளர் செபியின் விதி. மாதம் 500 ரூபாய் எஸ்.ஐ.பி போடுகிறவருக்கு அந்த வாசல் இல்லை. இண்டெக்ஸ் ஃபண்டைக் குறை சொல்லிப் பயனில்லை. அதனால் முடியாததை விளம்பரம் முடியும் என்கிறது, அவ்வளவுதான்.

சரி, உள்ளே இருக்கும் பெரிய கம்பெனிகள் எப்படிச் சம்பாதிக்கின்றன? செய்தியைப் பார்த்து வாங்குகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். "54,000 கோடி கொள்முதலுக்கு ஒப்புதல்" என்று 2025 மார்ச்சில் ஒரு செய்தி, "1.05 லட்சம் கோடிக்கு ஒப்புதல்" என்று ஜூலையில் இன்னொன்று. இரண்டும் உண்மை. ஆனால் பாதுகாப்பு கொள்முதல் கவுன்சில் கொடுப்பது ஏ.ஓ.என், அதாவது "இந்தச் சாமான் தேவைதான்" என்ற ஏற்பு. அதன்பின் ஆர்.எஃப்.பி (விலை கேட்டு விடும் அழைப்பு) வெளிவர வேண்டும். கம்பெனிகள் தொழில்நுட்ப விவரமும் விலையும் தனித்தனி உறையில் கொடுக்க வேண்டும். ராஜஸ்தான் வெயிலிலும் லடாக் குளிரிலும் களச் சோதனை நடக்கும். தேறியவர்களின் விலை உறையைப் பிரித்து, குறைந்த விலைக்காரரோடு பேரம் பேசி, தொகை பெரிதானால் பிரதமர் தலைமையிலான அமைச்சரவைக் குழுவுக்குக் கோப்பு போகும். கையெழுத்து அதற்குப் பிறகு. நடுவில் சோதனை ஒன்றில் தோற்றால், அல்லது ஒரே ஒரு நிறுவனம்தான் தேறியது என்றால், கோப்பு மீண்டும் முதல் படிக்கட்டுக்கே வரலாம். ஏ.ஓ.என் செய்தி வந்த அன்று பங்கு 5% ஏறுகிறது. ஆர்டர் வருவதோ வருடக்கணக்கில். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் சில்லறை முதலீட்டாளர் மாட்டிக்கொள்கிறார்.

கையெழுத்தானாலும் பணம் வருவது டெலிவரியில். 83 தேஜஸ் மார்க் 1ஏ போர் விமானங்களுக்கு ஹெச்.ஏ.எல்-உடன் 2021 பிப்ரவரியில் ஒப்பந்தம். 2024 மார்ச்சில் டெலிவரி தொடங்கியிருக்க வேண்டும். அமெரிக்க ஜி.இ நிறுவனத்தின் எஃப்-404 எஞ்சின் வரவில்லை. ஆர்டர் செய்த 99 எஞ்சினில் முதல் எஞ்சின் கைக்கு வந்ததே 2025 மார்ச் மாதம். அதற்குள் 2025 செப்டம்பரில் மேலும் 97 விமானத்துக்கு 62,370 கோடி ரூபாய் ஒப்பந்தம் போட்டார்கள். ஹெச்.ஏ.எல் ஆர்டர் புக் (கையில் இருக்கும் ஆர்டர்களின் மதிப்பு) அதற்கு முன்பே 1.8 லட்சம் கோடியைத் தாண்டியிருந்தது, ஆண்டு வருமானமோ 31,000 கோடிக்குப் பக்கம். வகுத்துப் பார்த்தால் ஆறு வருட வேலை கையில் என்று விற்பனையாளர் சொல்வார். அதையே திருப்பிப் போட்டால், ஆறு வருடமாக முடிக்க முடியாத வேலை தேங்கியிருக்கிறது என்றும் படிக்கலாம். எது சரி என்பதை ஆர்டர் புக் சொல்லாது. காலாண்டுக்குக் காலாண்டு டெலிவரி எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இந்தக் கணக்கு இன்னும் சீராக இருக்கிறது: 2025 ஏப்ரல் 1 நிலவரப்படி ஆர்டர் 71,650 கோடி, முந்தைய ஆண்டு விற்றுமுதல் 23,000 கோடி, அதாவது மூன்று வருடத்துக்குச் சற்று மேல். ஒரே பெரிய எஞ்சினுக்காகக் காத்திருக்காமல் ரேடார், ரேடியோ, சோனார் என்று பலவகைச் சாமான் செய்வதால் ஒன்று நின்றாலும் மற்றது ஓடுகிறது.

சின்னக் கம்பெனிகளில் சிக்கல் வேறு. லாபம் நன்றாக இருக்கும், பணம் இருக்காது. வாடிக்கையாளர் அரசு, ஆய்வு, சோதனை, ஏற்புச் சான்றிதழ், பில் பாஸ் என்று ஒவ்வொன்றும் ஒரு மேசை. ஆண்டு விற்பனையில் பெரும் பங்கு ஜனவரி-மார்ச் காலாண்டில் குவியும். மார்ச் 31-இல் வரவேண்டிய பாக்கி மலைபோல் நிற்கும். பார்க்க எளிய வழி: பாக்கியை விற்பனையால் வகுத்து 365-ஆல் பெருக்குங்கள். விற்பனை 500 கோடி, பாக்கி 400 கோடி என்றால் 292 நாள். இந்தத் துறையில் 300 நாளைத் தொடுவது அதிசயமில்லை. அந்த நாட்களுக்கு உதிரிபாகம் வாங்க வங்கிக் கடன் அல்லது புதுப் பங்கு வெளியீடு வேண்டும். ஆகவே ஒரு காலாண்டு விற்பனை சரிந்தது என்று பதறவும் வேண்டாம், ஒரு காலாண்டு இரட்டிப்பானது என்று துள்ளவும் வேண்டாம். பன்னிரண்டு மாதம் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதற்குக் கண்முன் உள்ள உதாரணம் ட்ரோன் செய்யும் ஐடியாஃபோர்ஜ். 2023 ஜூன் கடைசியில் 672 ரூபாய் விலையில் ஐ.பி.ஓ (முதல் பங்கு வெளியீடு) வந்து, ஜூலையில் சந்தைக்கு வந்த முதல் நாளே 1,300 ரூபாய் அளவில் தொடங்கியது. 2023-24-இல் வருமானம் 314 கோடி, லாபம் 45 கோடி. அடுத்த ஆண்டு வருமானம் 161 கோடி, நஷ்டம் 62 கோடி. ட்ரோன் பறக்காமல் போகவில்லை, எதிர்பார்த்த ஆர்டர்கள் அந்த ஆண்டுக்குள் வரவில்லை. பங்கு ஐ.பி.ஓ விலையில் பாதிக்குக் கீழே போனது. பிறகு 2025 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகத்திடமிருந்து 137 கோடி ஆர்டர், ஒரு வருடத்துக்குள் கொடுத்து முடிக்க வேண்டும். ஒற்றை ஆர்டர் முந்தைய முழு ஆண்டின் வருமானத்துக்குக் கிட்டே நிற்கும் தொழில் இது. இப்படிப்பட்ட பங்கின் எடை குறியீட்டில் மிகக் குறைவாக இருப்பது ஒருவகையில் நமக்கு நல்லதுதான்.

புதிய தொழில்நுட்பத்தின் உண்மையான அபாயம் வேறிடத்தில் இருக்கிறது: அது பழையதாகும் வேகம். ட்ரோன் எதிர்ப்பு என்றால் ரேடியோ அலையைக் கண்டுபிடிக்கும் சென்சார், சிறு ரேடார், கேமரா, கடைசியில் ஜாமர். ஜாமர் அடித்தால் இயக்குபவருக்கும் ட்ரோனுக்கும் இடையிலான தொடர்பு அறுந்துவிடும். உக்ரைன் போரில் இதற்கு மாற்றாக மெல்லிய ஃபைபர் கேபிளைப் பின்னால் அவிழ்த்தபடியே பறக்கும் ட்ரோனை இறக்கினார்கள். ரேடியோவே இல்லை, எதை ஜாம் செய்வது? களத்தில் மாதங்களில் நடக்கும் மாற்றத்தை, வருடங்களில் நகரும் கொள்முதல் துரத்த வேண்டியிருக்கிறது. ஜாமரை மட்டும் நம்பிய நிறுவனம் ஆர்டர் கிடைக்கும் நேரத்தில் பழைய சாமான் விற்கும் நிலைக்கு வரலாம். அதனால்தான் சுட்டு வீழ்த்தும் முறைகள் பக்கம் பார்வை திரும்புகிறது. அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ 2025 ஏப்ரல் 13-இல் கர்னூலில் 30 கிலோவாட் லேசரால் ட்ரோன்களை வீழ்த்திக் காட்டியது. இது உற்பத்திக்கு வரும்போது கம்பெனிகளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் தயாரிப்பு உரிமம், அறிவுச்சொத்து டி.ஆர்.டி.ஓ-விடம். உரிமத்தில் செய்கிறவரின் லாப விகிதமும், சொந்தமாக வடிவமைப்பவரின் லாப விகிதமும் ஒன்றல்ல. ஆண்டறிக்கையில் இதைத் தேடிப் படிக்க வேண்டும்.

உதிரிபாகம் இன்னொரு தலைவலி. முழு ட்ரோன் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரியிலிருந்து தடை, பாகங்களுக்குத் தடையில்லை. மோட்டாருக்குள் காந்தம், ஃப்ளைட் கன்ட்ரோலர், கேமரா, பேட்டரி செல் என்று பிரித்தால் சீன முத்திரை எங்காவது தலைகாட்டும். 2025 பிப்ரவரியில் 400 ட்ரோன்களுக்கான 230 கோடி ரூபாய் ஒப்பந்தங்களை, சீன பாகம் இருந்ததால் ராணுவம் ரத்து செய்த செய்தி வந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் சீனா அரிய மண் காந்த ஏற்றுமதிக்குக் கடிவாளம் போட்டது. "உள்நாட்டுத் தயாரிப்பு 60%" என்று பெருமையாக எழுதியிருந்தால் மீதி 40% எங்கிருந்து என்று கேட்கப் பழக வேண்டும்.

விலை விஷயத்துக்கு வருவோம். இந்த ஃபண்டு யூனிட் ஒதுக்கியது 2024 ஜூலைத் தொடக்கத்தில். குறியீடு அப்போதைய உச்சத்தைத் தொட்டதும் அதே ஜூலையில். அங்கிருந்து 2025 பிப்ரவரிக்குள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைந்தது. 35% விழுந்தால் பழைய இடத்துக்குத் திரும்ப 54% ஏற வேண்டும். மே மாதம் ஆபரேஷன் சிந்தூருக்குப் பின் ஏறவும் செய்தது. பயந்து பிப்ரவரியில் விற்றவர்கள் அதைப் பார்க்கவில்லை. பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பது பழைய புத்தி. இந்த ஃபண்டில் படை கிளம்பிய செய்தி கேட்டதும் முந்துகிறார்கள். இன்னொன்று: 2018 முதல் காட்டும் வளர்ச்சி வரைபடத்தில் முதல் நான்கு வருடம் பின்னோக்கிக் கணக்கிட்டது. குறியீடு வெளியானதே 2022-இல்.

எச்.டி.எஃப்.சி டிஃபென்ஸ் ஃபண்டு 2023-இல் வந்தது; அங்கே மேலாளர் பங்குகளைத் தேர்ந்தெடுக்கிறார். 2024 ஜூலை 22 முதல் புது எஸ்.ஐ.பி பதிவையே அது நிறுத்தியது. வருகிற பணத்தை வாங்கிக்கொள்ள அளவான விலையில் போதுமான பங்கு இல்லாத சின்னக் குளம் இந்தத் துறை. அதே சமயத்தில்தான் இண்டெக்ஸ் ஃபண்டுக்குப் பணம் கொட்டியது. செலவு கூடினாலும் கதவைச் சாத்தத் தெரிந்த மேலாளருக்கு ஒரு மதிப்பெண் கூட.

வாங்குவதாக இருந்தால் டைரக்ட் (தரகர் கமிஷன் இல்லாத) திட்டத்தை ஃபண்டு நிறுவனத்தின் தளத்திலோ எம்.எஃப் சென்ட்ரலிலோ எடுங்கள். ரெகுலர் திட்டத்தில் வருடம் 0.7% கூடுதலாகப் போகிறது என்று வையுங்கள். 1 லட்சம் ரூபாய், 12% வளர்ச்சி, பத்து வருடம் என்றால் சுமார் 19,000 ரூபாய் வித்தியாசம். இரண்டு திட்டத்திலும் ஒரே பங்குகள்தான். இ.டி.எஃப் எடுப்பவர்கள் வாங்கும் விலைக்கும் ஐ.என்.ஏ.வி-க்கும் (அந்த நேரத்து யூனிட் மதிப்பு) உள்ள இடைவெளியைப் பார்க்காமல், கிடைக்கும் விலைக்கு வாங்கும் மார்க்கெட் ஆர்டர் போடக் கூடாது. செய்தி பரபரக்கும் நாளில் கூடுதல் விலைக்குத்தான் கைக்கு வரும். உச்ச விலையை நாமே குறிக்கும் லிமிட் ஆர்டர் போடுங்கள், சந்தை திறந்த முதல் கால் மணி நேரம் வேண்டாம்.

ஏற்கெனவே நிஃப்டி 50 ஃபண்டு வைத்திருப்பவரிடம் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் இருக்கிறது. மிட்கேப் ஃபண்டு, பொதுத்துறை ஃபண்டு வைத்திருந்தால் மற்ற பெயர்களும் எட்டிப்பார்க்கும். மொத்த முதலீட்டில் 5%-ஐத் தாண்ட வேண்டியதில்லை. தாண்டினால் ஒரே ஒரு வாடிக்கையாளரை, அதாவது டில்லியின் பட்ஜெட்டை, நம்பி உட்கார்ந்திருக்கிறோம். 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி, அதில் மூலதனச் செலவு 1.80 லட்சம் கோடிதான். மிச்சம் சம்பளம், பென்ஷன், பராமரிப்பு. நவீனமயமாக்கலுக்கு ஒதுக்கியதில் 75%, அதாவது 1.11 லட்சம் கோடிக்கு மேல், உள்நாட்டுக் கொள்முதலுக்கு. இந்தத் துறையின் உண்மையான சோற்றுப்பானை இந்த எண்தான். பிப்ரவரி 1 அன்று பார்க்க வேண்டியதும் இதைத்தான்.

அரசு தன் பங்கை விற்கும் அபாயத்தையும் கணக்கில் வையுங்கள். மசகான் டாக்கில் 2025 ஏப்ரலில் ஆஃபர் ஃபார் சேல் (சந்தை வழியே அரசுப் பங்கு விற்பனை) நடந்த பிறகும் அரசிடம் 81% இருந்தது. பொதுமக்கள் கையில் 25% இருக்க வேண்டும் என்பது விதி. மீதியும் ஒருநாள் சந்தைக்கு வரும், சந்தை விலையைவிடக் கொஞ்சம் தள்ளுபடியில். புழங்கும் பங்கு கூடினால் குறியீட்டில் எடையும் கூடும். ஃபண்டு விருப்பமிருந்தாலும் இல்லாவிட்டாலும் வாங்கித்தான் ஆக வேண்டும்.

விற்கும்போது: வாங்கி 15 நாளுக்குள் எடுத்தால் 1% வெளியேறு கட்டணம். ஒரு வருடத்துக்குள் லாபம் என்றால் 20% வரி. அதற்கு மேல் என்றால் ஆண்டுக்கு 1.25 லட்சம் வரை விலக்கு, மிச்சத்துக்கு 12.5%. எஸ்.ஐ.பி-யில் ஒவ்வொரு தவணைக்கும் ஒரு வருடக் கணக்கு தனித்தனியாக ஓடும், முதலில் வாங்கிய யூனிட்தான் முதலில் விற்றதாகக் கொள்வார்கள்.

மதிப்பெண்: ராணுவ ஆர்டர் கூடையாக ஐந்துக்கு மூன்றரை. புதிய தொழில்நுட்ப முதலீடாக ஒன்றரை, அதுவும் டேட்டா பேட்டர்ன்ஸும் ஜென்னும் உள்ளே இருப்பதால்.